சுவால்பார்ட் போய்த் திரும்ப ஒருமுறை நுழைவு விசா போதாது

ஆர்க்டிக் தீவுக்கூட்டமான சுவால்பார்ட்டுக்குக் கப்பலில் போய்வர ஒருமுறை நுழைவு விசா போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது அக்கா. நார்வே நிலப்பகுதியிலுள்ள ட்ரொம்சோவில் கப்பல் ஏறி, சுவால்பார்ட்டின் லாங்யர்பியன் ஊரில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ட்ரொம்சோ வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திரும்புதலே இரண்டாவது நுழைவு. இருமுறை அல்லது பலமுறை நுழைவு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எடுங்கள்.

“எல்லாம் நார்வேதானே” என்று உங்கள் டர்பன் ஏஜென்ட் நினைத்திருப்பார். சுவால்பார்ட் நார்வேயுடையதுதான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. நம் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு இது பெரிய சிக்கல்.

கையிலிருக்கும் விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தைப் பாருங்கள். 01 என்றிருந்தால் இன்றே விசா மையத்தில் பேசுங்கள். புது விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி 15 நாளுக்குத் தள்ளவே கூடாது. கப்பலின் முழுப் பயண நிரலையும் கூடவே வையுங்கள்.

ஒன்று கவனம்: கப்பல் வழி மாறினால் கணக்கும் மாறும். எல்லாத் துறைமுகத்தையும் வரிசையாக எழுதி எண்ணிப் பாருங்கள்.

அம்மாவை அழைத்துப் போகிறீர்களே, அதற்காக ஒரு வார்த்தை. ஜூலையிலும் அங்கே பகலில் 5, 7 டிகிரிதான். நம் டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போட்ட ஜாக்கெட் மட்டும் போதாது. சேலைக்குள் கம்பளி உள்ளாடை, மேலே காற்றுப் புகாத கோட். என் அத்தை கையுறையைக் கழற்றிப் படம் எடுத்தார். இரண்டே நிமிடத்தில் பொத்தானைப் போட முடியாமல் விரல் விறைத்துப்போனது. மெல்லிய கையுறை ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று என வாங்கிக் கொடுங்கள். ஊர் எல்லையைத் தாண்டித் தனியாக நடக்காதீர்கள், பனிக்கரடி உண்டு. துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டியோடு மட்டும் போங்கள்.