குடல் ஆபரேஷன் முடிஞ்சப்புறமும் எதுக்கு ஸ்கோப்பு (கேமரா குழாய் விட்டு பாக்குறது)? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நமக்கு தருமபுரி தாங்க. எஃப்ஏபி, அதாவது குடும்பத்துல வழிவழியா வர்ற பாலிப் நோய் (பாலிப்புன்னா குடலுக்குள்ள முளைக்கிற சதை, விட்டா கேன்சரா மாறலாம்), பெருங்குடல எடுத்து 14 வருஷம் ஆச்சு. டாக்டர் இல்ல, பேஷன்ட் தான்.

பாலக்கோட்டுல இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கு மலக்குடல மட்டும் விட்டு வெச்சு ஆபரேஷன் பண்ணாங்க. 3 வருஷமா நல்லா இருக்கார், செக்கப்புக்கு கூப்பிட்டா வரமாட்டேங்குறார்.

எனக்கும் அதே ஆபரேஷன் தாம்மா. குடல எடுத்தாங்களே ஒழிய இந்த நோய்க்கு காரணமான ஜீன் உடம்புல அப்படியே தான இருக்கு, மிச்சம் இருக்குற மலக்குடல்ல புதுசா பாலிப் முளைச்சிட்டே தான் இருக்கும், அதான் 6 மாசம், மிஞ்சிப்போனா 1 வருஷத்துக்கு ஒரு தடவ பாக்க சொல்றாங்க. நான் மாங்கா சீசன், கோயில் பண்டிகைன்னு சாக்கு சொல்லியே 2 வருஷம் டிமிக்கி குடுத்தேன், அப்புறம் போனா 11 பாலிப்பு, நல்லவேளை எல்லாம் சின்னது, ஸ்கோப்புலயே எடுத்துட்டாங்க. இத அவர்கிட்ட படிச்சு காட்டு.

ஓசூர் தம்பி: எனக்கு மலக்குடலும் எடுத்து, சிறுகுடல்லயே பை மாதிரி தைச்சு பவுச் வெச்சிட்டாங்க. இனி ஸ்கோப் வேணாம்ல?

வேணும்பா. பவுச்சுலயும் தையல் போட்ட இடத்துலயும் வரும், 1-2 வருஷத்துக்கு ஒருக்கா பாக்கணும். அதவிட எல்லாரும் மறக்குறது வாய் வழியா விடுற ஸ்கோப்பு, இரைப்பைய தாண்டுனதும் சிறுகுடல்ல பித்தநீர் வந்து விழுற இடம் இருக்கே அங்கயும் பாலிப் வரும், அது நேரா பாக்குற ஸ்கோப்புல சரியா தெரியாது, பக்கவாட்டுல பாக்குற ஸ்கோப்பு இருக்கான்னு கேட்டுட்டு போ. எப்ப திரும்ப வரணும்னு அங்க இருக்கறத பாத்து சொல்வாங்க. தைராய்டுக்கு கழுத்து ஸ்கேனும் கேளு. ஆபரேஷன் நோட்ட ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வெச்சுக்கோ, பெங்களூர் போனாலும் சேலம் போனாலும் மொத கேக்குறது அதத்தான்.

அரூர் அண்ணன்: தழும்புக்கு கீழ கெட்டியா ஒண்ணு தட்டுப்படுது.

இந்த வாரமே காட்டுங்கண்ணே. டெஸ்மாய்டா இருக்கலாம், எங்காளுங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற கட்டி, கேன்சர் மாதிரி வேற இடத்துக்கு பரவாது, ஆனா பக்கத்துல இருக்குற குடல நெரிக்கும். வெட்டுனா திரும்ப வளரும்ங்கறதால அவசரப்பட்டு கத்தி வைக்க மாட்டாங்க, முதல்ல ஸ்கேன் தான்.

ஊத்தங்கரை அக்கா: புள்ளைங்களுக்கு வருமா?

ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்கு பாதி வாய்ப்புக்கா. முதல்ல உங்க ரத்தத்துல ஜீன் டெஸ்ட், அப்புறம் 10-12 வயசுல அவங்களுக்கு.

காவேரிப்பட்டணம்: களி சாப்பிடலாமா?

தாராளமா, நான் வாரத்துல நாலு நாள் களி தான். வெயில்ல மட்டும் வெறும் தண்ணியா குடிக்காம ஓஆர்எஸ் கலந்து குடிங்க, தண்ணியையும் உப்பையும் இழுத்து வெச்சது அந்த பெருங்குடல் தானே.