கட்டி முடித்த கார்டு கடன் இப்போது ஏன் குறுக்கே நிற்கிறது?

கேள்வி: சில வருடங்களுக்கு முன் வேலை இல்லாமல் இருந்தபோது கிரெடிட் கார்டு பாக்கி 62,000 ரூபாய் ஆகிவிட்டது. வங்கியிலிருந்து பேசியவர், “35,000 கட்டுங்கள், கணக்கை முடித்துவிடலாம்” என்றார். கட்டிவிட்டேன். இப்போது வீட்டுக் கடன் கேட்டால் ‘சிபில் சரியில்லை’ என்கிறார்கள். நாமே சிபில் பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று தோழி சொன்னதால் பார்க்கவும் பயம். என்ன செய்வது? - ஒரு வாசகி

பதில்: பயமில்லாமல் பாருங்கள் சகோதரி. உங்கள் சிபில் அறிக்கையை, அதாவது வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவை, நீங்களே எத்தனை முறை எடுத்தாலும் ஸ்கோர் குறையாது. கடனுக்கு விண்ணப்பித்ததும் வங்கி எடுத்துப் பார்க்கிறதே, அதுதான் கணக்கில் வரும். அடுத்தடுத்து நாலைந்து வங்கிகளில் விண்ணப்பித்தால் ஸ்கோர் இறங்கக்கூடும். அதனால் இப்போதைக்கு வேறு வங்கியின் படியேற வேண்டாம்.

சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்தியாவில் கடன் பதிவுகளைத் திரட்டி ஸ்கோர் போடும் வேலையைச் செய்பவை டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர்களுடைய இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். சந்தா கட்டச் சொல்லி வற்புறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது 300-க்கும் 900-க்கும் நடுவில் இருக்கும் அந்த ஸ்கோர் எண்ணைத்தான். அதை அப்புறம் பார்க்கலாம். பழைய கார்டு கணக்குக்கு எதிரே என்ன நிலை போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘குளோஸ்டு’ என்றால் முழுப் பணமும் வந்துவிட்டது. ‘செட்டில்டு’ என்றால் பாக்கியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்து முடித்திருக்கிறது. உங்கள் கணக்கில் ‘செட்டில்டு’ என்று இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களோடு பேசியவர் ‘முடித்துவிடலாம்’ என்றது பொய்யில்லை. எப்படி முடியும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. புதிதாகக் கடன் கொடுப்பவருக்கோ, ‘இவர் முழுசாகக் கட்டவில்லை’ என்றுதான் அது படும்.

பழைய வங்கிக்குப் போய், தள்ளுபடி செய்த தொகையைக் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஒரு முறை பட்டது போதும். கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள். நிலை மாறினாலும் அன்றைக்குத் தவணை தவறிய பதிவுகள் உடனே மறையாது. ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறும்.

உங்களுடையது அல்லாத கடன் ஏதாவது அறிக்கையில் தெரிந்தால் கதையே வேறு. அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியுங்கள். கடன் கொடுத்த வங்கி உறுதி செய்யாமல் அவர்களாக எதையும் திருத்த முடியாது. ஆனாலும் 30 நாளில் புகாரை முடிக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.