முடிவைச் சொல்லாத கதைச்சுருக்கம்

கேள்வி: இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய ஒரு தாயைப் பற்றி, 90,000 சொற்களில் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். எழுத்தாளர் சார்பில் நூலைப் பதிப்பகங்களுக்கு விற்றுத் தரும் முகவர்களுக்கு அனுப்புவதற்காக எழுதிய ஒன்பது பக்கக் கதைச்சுருக்கத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் இணைத்துள்ளேன். படிப்பவரின் ஆவல் குறையக் கூடாது என்பதற்காகச் சுருக்கத்தில் முடிவைச் சொல்லவில்லை. இது சரிதானா? முகவரை எப்படி அணுகுவது?
- வாசகர், கோத்தகிரி

பதில்: சரியில்லை. ஆவலைத் தூண்டுவது பின்னட்டைக் குறிப்பின் வேலை. கதைச்சுருக்கத்தைப் படிப்பவரோ, உங்கள் நாவலுக்காகத் தம் உழைப்பையும் பணத்தையும் செலவிடலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர். கதை எங்கே போய் முடிகிறது என்பது தெரியாமல் அவரால் எந்தத் தீர்மானத்துக்கும் வர முடியாது.

உங்கள் ஒன்பது பக்கங்களில் முதல் நான்கும் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், தலைமன்னார்க் கப்பல், மண்டபம் முகாம், 1968-இல் தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள், கோத்தகிரியின் உறைபனி என்று போகின்றன. நம் மலையில் யாரும் மறக்கக் கூடாத வரலாறு இது. நாவலில் அது முழுமையாக இருக்கட்டும். ஆனால் கதைச்சுருக்கத்தில் இதற்கு ஒரு வாக்கியம் போதும். நாயகி சிவகாமி ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறாள். வந்த பிறகும் 'விதியின் கைகளில் சிக்கித் தவித்தாள்', 'காலம் உருண்டோடியது' என்றே எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன முடிவெடுத்தாள், அதனால் என்ன நேர்ந்தது என்பதைத் தேடிப் பார்த்தேன், ஓரிடத்திலும் கிடைக்கவில்லை.

அதே சிவகாமி உங்கள் அத்தியாயங்களில் எத்தனை உறுதியோடு நிற்கிறாள்! அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நான் எழுதிப் பார்த்தது இது: 'குடியுரிமை மறுக்கப்பட்ட மூத்த மகளை இலங்கையின் அட்டனில் விட்டுவிட்டு, கைக்குழந்தையான மகனுடன் கப்பலேறும் சிவகாமி, கோத்தகிரியில் கொழுந்து பறித்து அவனை வளர்க்கிறாள். அக்காள் ஒருத்தி இருப்பதையே அவனிடம் மறைக்கிறாள். பணி ஓய்வுபெற்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டைக் காலி செய்யும் நாளில், மகள் எழுதிய கடிதங்கள் மகன் கையில் கிடைக்கின்றன.' மூன்றே வாக்கியங்களில் ஒரு தாயின் முடிவும், அவள் மறைத்த உண்மையும், அதன் விளைவும் வந்துவிட்டன. அடுத்து மகன் என்ன செய்கிறான்? உங்கள் சுருக்கம் அதைச் சொல்லாததால் என்னால் நான்காவது வாக்கியத்தை எழுத முடியவில்லை. ஒருவேளை உங்களாலும் அதை எழுத முடியவில்லை என்றால், குறை சுருக்கத்தில் இல்லை, நாவலின் பிற்பகுதியில் இருக்கிறது. அனுப்புவதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செப்பனிடுங்கள்.

சுருக்கம் ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் அடங்க வேண்டும். படர்க்கையில், நிகழ்காலத்தில் எழுதுங்கள். மூன்று நான்கு பாத்திரங்களுக்கு மேல் பெயர் சொல்ல வேண்டாம்.

இனி முகவர் விஷயம். தமிழ்ப் பதிப்புலகில் முகவர் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. எனவே தமிழில் நூல் வெளிவர வேண்டுமானால், ஒரு பக்கக் கடிதம், சுருக்கம், முதல் அத்தியாயங்கள் ஆகியவற்றுடன் பதிப்பாசிரியரையே நேரடியாக அணுகுங்கள். முகவர் தேவைப்படுவது ஆங்கிலத்துக்கும் பிற மொழிகளுக்கும்தான். அவரோ தமிழ் அறியாதவராக இருக்கலாம் என்பதால், நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு சில அத்தியாயங்களையாவது ஆங்கிலத்தில் தயாரித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். தமிழில் ஒரே சொல்லாக நிற்பது ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாகப் பிரிந்துவிடும் என்பதால் உங்கள் 90,000 அந்த எல்லையைத் தாண்டிவிடும். கடிதத்தில் சொல்லின் எண்ணிக்கையைக் குறிக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் பல முகவர்களுக்கு அனுப்புவதில் தவறில்லை; ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுங்கள், ஒருவர் ஏற்க முன்வந்தால் மற்றவர்களுக்கு உடனே தெரிவியுங்கள். நேர்மையான முகவர், நூல் விற்ற பிறகு உங்கள் வருவாயில் பங்கு பெறுவார். உள்நாட்டு விற்பனைக்கு 15 விழுக்காடும், வெளிநாட்டு விற்பனைக்கு 20 விழுக்காடும் வழக்கமான அளவு. படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்பவரிடம் பிரதியைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பதிப்பாளர் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று வரிவரியாகப் பாருங்கள். உரிமை மாற்றத்தில் காலவரையறை குறிக்கப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கொள்கிறது. ஆனால் 'நிரந்தரமாக, உலகெங்கும்' என்று ஒரு வரி அச்சிடப்பட்டிருந்து, அதன் கீழே நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால், அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. மொழிபெயர்ப்பு உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு, தமிழ் அச்சு நூலுக்கு மட்டும் ஒப்புதல் கொடுங்கள். மொழிபெயர்ப்பு உரிமை கையில் இல்லாமல் போனால், பிறகு எந்த முகவரை அணுகினாலும் அவர் விற்றுத் தருவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.