பளபளப்பான தாளுக்கு முன்னால் காற்று இருக்க வேண்டும்

கேள்வி: தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் அலுமினியத் தாளை ஒட்டி, அதோடு இறுகப் படியும்படி 12 மி.மீ. பிளைவுட் அடித்து உள்கூரை அமைத்தோம். பகலில் அறையில் தெர்மாமீட்டர் 34 டிகிரிதான் காட்டுகிறது. ஆனாலும் உச்சந்தலை காய்கிறது, மின்விசிறி போட்டும் அடங்கவில்லை. தாள் மட்டமானதா?

பதில்: தாளின் மேல் பழி போட வேண்டாம். அது வேலை செய்ய வேண்டிய இடத்தை பிளைவுட் அடைத்துவிட்டது.

தெர்மாமீட்டர் காட்டும் 34 டிகிரி காற்றின் சூடு மட்டுமே. உடம்போ எதிரே தெரியும் சுவர், தரை, கூரை எல்லாவற்றோடும் கதிர்வீச்சு வழியாக வெப்பம் கொடுத்து வாங்குகிறது. காற்றோட்டம் குறைந்த அறையில் நாம் உணரும் சூடு, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். பரப்புகள் சராசரியாக 42 டிகிரி என்றால் உங்களுக்கு அது 38 டிகிரி அறை. மின்விசிறி காற்றைத்தான் தள்ளும். கூரையிலிருந்து இறங்கும் கதிரை அதனால் தடுக்க முடியாது.

கதிர்வீச்சு, கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறுகிறது. 60 டிகிரி செல்சியஸ், அதாவது 333 கெல்வினில் உள்ள கரும்பரப்பு (அந்தச் சூட்டில் உமிழக்கூடிய உச்ச அளவை உமிழும் பரப்பு) சதுர மீட்டருக்குச் சுமார் 700 வாட் உமிழும். உண்மையான பரப்பு இதில் எவ்வளவு பங்கை உமிழ்கிறது என்பதே அதன் உமிழ்திறன். மரம், சிமென்ட், பெயின்ட் அடித்த தகரம் எல்லாம் 0.9 அளவில் இருக்கும். பூச்சில்லாத அலுமினியத் தாள் 0.05 அளவில்தான். ஆனால் இந்தக் குணம் வெளிப்பட தாளின் முன்னால் இடைவெளி வேண்டும். பலகை தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே கதிர்வீச்சுக்கே வேலையில்லை, வெப்பம் கடத்தல் மூலம் நேராக இறங்கிவிடும். அலுமினியம் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம். தடுப்பு என்று நினைத்து வைத்தது பாலமாகிவிட்டது.

25 மி.மீ. இடைவெளி விட்டால் என்ன ஆகும்? தகரம் 60 டிகிரி, பலகையின் மேற்பரப்பு 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தாள் இல்லாவிட்டால் கதிர்வீச்சாக மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 125 வாட் இறங்கும். தாள் இருந்தால் அது 8 வாட். அசையாத காற்று கடத்துவது இரண்டிலும் ஏறத்தாழ 22 வாட். ஆக 147 வாட் 30 ஆகிறது. சூடான பரப்பு மேலே இருப்பதால் இடைவெளிக் காற்று சுழலாமல் மேலேயே தங்கும். கூரைக்கு இந்த முறை இவ்வளவு பொருந்துவது அதனால்தான்.

உங்களுக்கு வேலை அதிகமில்லை. பிளைவுட்டைக் கழற்றுங்கள். தகரத்தில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கட்டும். கூரைச் சட்டங்களில் 25 மி.மீ. ரீப்பர் கட்டை அடித்து, அதன்மேல் பலகையைத் திரும்பப் பொருத்துங்கள். பளபளப்பு கீழ்நோக்கி இருப்பதே நல்லது: மேல்நோக்கி வைத்தால் தூசி படியும், தூசி படியப் படிய உமிழ்திறன் ஏறும்.

தாளின் மேல் எதையும் பூசாதீர்கள், வார்னிஷ்கூட வேண்டாம். வெள்ளை பெயின்ட் கண்ணுக்குத்தான் வெள்ளை. கூரை உமிழும் 9 மைக்ரான் அலைநீளத்தில் அது கறுப்புக்குச் சமம். சில தாள்களில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலமும் இருக்கும். மல்டிமீட்டர் முனைகளைக் கீறாமல் மெல்ல வைத்துப் பாருங்கள். மின்தொடர்ச்சி காட்டினால் பூச்சில்லாத அலுமினியம். மேற்கூரையின் வெளிப்புறத்துக்கோ வெள்ளைப் பூச்சுதான் சரி. வெயிலைத் திருப்பி அனுப்பி, வாங்கிய சூட்டையும் வானத்துக்கு உமிழ்ந்துவிடும்.

தொடாமலே கதிர்வீச்சை வைத்துச் சூட்டை அளக்கும் கன் தெர்மாமீட்டரால் தாளை நேராக அளக்காதீர்கள். அது பெரும்பாலும் தாளில் பிரதிபலிக்கும் எதிர்ப் பரப்பின் சூட்டையே காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டி, சில நிமிடம் விட்டு, உமிழ்திறன் அமைப்பை 0.95 ஆக்கி டேப்பின் மேல் அளவெடுங்கள். கருவியில் 12:1 என்று இருந்தால் 60 செ.மீ. தொலைவில் அது 5 செ.மீ. வட்டத்தைப் பார்க்கும், டேப் அதைவிட அகலமாக இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். தாள் மின்சாரம் கடத்தும். ரீப்பர் அடிக்குமுன் மெயினை நிறுத்துங்கள், ஒயர்கள் குழாய்க்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள், கசிவு மின்துண்டிப்பான் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் RCCB) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அடுத்தது ஈரம். தெளிந்த இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை உமிழ்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அடியில் நீர் கோத்துப் பலகையில் சொட்டும். இடைவெளியின் இரு முனைகளையும் காற்று போகத் திறந்து விட்டு, பூச்சி நுழையாதபடி வலை அடியுங்கள்.

இரவில் தாள் அறையின் சூடு மேலே போவதையும் ஓரளவு தடுக்கும் என்பதால், பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.