வெயில்ல கார் திரை தெரியலையா? சுங்கை சிப்புட் ஒயரிங்காரரிடம் கேளுங்க

மைவி கார் ஓட்டும் தங்கச்சி: அண்ணே, மத்தியானம் ஈப்போ போறப்ப திரையில மேப்பே தெரியல. 1000 நிட் திரை மாத்தச் சொல்றாங்க. மாத்தவா?

அவசரப்படாதீங்கம்மா. நிட்னா ஒரு சதுர மீட்டர் பரப்புல இருந்து எவ்வளவு வெளிச்சம் வருதுங்கிற கணக்கு. ஆனா உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பு மேல விழுற வெளிச்சத்தோட கணக்கு) வரைக்கும் போகும். அதோட எந்தத் திரையும் மல்லுக்கட்ட முடியாது. படத்தைக் கெடுக்கிறது பிரதிபலிப்புதான். கண்ணாடியோட ஒவ்வொரு முகமும் சுமார் 4 விழுக்காடு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மலிவான திரையில மேல்கண்ணாடிக்கும் படம் காட்டுற எல்சிடி தகட்டுக்கும் நடுவுல காத்து இடைவெளி, அதனால இன்னும் ரெண்டு முகம் கூடுது. இடைவெளியைத் தெளிவான பசையால நிரப்பி ஒட்டின திரையா கேளுங்க. நிட் கம்மியா இருந்தாலும் அதுதான் கண்ணுக்கு எடுப்பா தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி திரையை அணைச்சு வெயில்ல பிடிச்சுப் பாருங்க. கருகருன்னு இருந்தா எடுங்க. சாம்பல் பூத்த மாதிரி தெரிஞ்சா வெச்சிட்டு வாங்க.

படிவம் 5 மாணவர்: எல்சிடி ஏன் இவ்வளவு கரண்ட் தின்னுது?

நல்ல கேள்வி தம்பி. பின்னால எரியுற எல்இடி வெளிச்சத்துல பாதியை முதல் போலரைசரே (ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடுற படலம்) விழுங்கிடும். மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கு வண்ண வடிகட்டியில போயிடும். கடைசியில நம்ம கண்ணுக்கு வர்றது பத்துல ஒரு பங்குகூட இல்ல. அதனாலதான் நல்ல திரையில, போலரைசருக்கு ஒத்துவராத வெளிச்சத்தை வீணாக்காம பின்னால திருப்பி மறுபடி பயன்படுத்துற ஒரு படலம் வைக்கிறாங்க. அதே கரண்ட், கூடுதல் வெளிச்சம். பின்னால குட்டிக் குட்டி விளக்கா வைக்கிற மினி எல்இடி திரையில, கருப்பா இருக்கிற பகுதிக்குப் பின்னால விளக்கையே குறைச்சிடுவாங்க. ஓஎல்இடி திரையில ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், அதனால பின்விளக்கே கிடையாது. அதுலயும் வெளிச்சம் தர்ற அடுக்கு ரெண்டு வெச்சதை எல்ஜி டிஸ்பிளே 2019ல கார்களுக்குக் கொண்டுவந்துச்சு. வேலையை ரெண்டு அடுக்கும் பங்கு போட்டுக்கிறதால சீக்கிரம் தேயாது.

இன்னொரு தம்பி: டார்க் மோட் போட்டா மிச்சமாகுமா?

ஓஎல்இடின்னா ஆகும். சாதாரண எல்சிடியில கருப்புக்குப் பின்னாலயும் விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும். ஆனா ராத்திரி தோட்டத்துப் பாதையில கண்ணு கூசாது, அதுக்காகப் போடுங்க.

மின்சாரக் கார் வாங்கப்போற ஆசிரியை: திரை பெருசா இருந்தா ஓடுற தூரம் குறையுமா?

15 வாட் திரை ஒரு மணி நேரம் எரிஞ்சா போறது 0.015 கிலோவாட் மணி. 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி பிடிக்கிற கார்ல அது வெறும் 100 மீட்டர் தூரம், டீச்சர். ஏர்கோனைப் பத்தி வேணா கவலைப்படுங்க.

செம்பனைக் குலை லோரி அண்ணன்: மழையில லைட் போட்டா திரை மங்கிடுதே?

பழுது இல்லண்ணே. லைட் போட்டா ராத்திரின்னு நினைச்சு மங்குற மாதிரி ஒரு ஒயர் கொடுத்திருப்பாங்க. அதை வெட்டிடாதீங்க, ராத்திரி கண்ணைப் பறிச்சிடும். செட்டிங்ல இரவு வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏத்துங்க.

அவரே: கறுப்புக் கண்ணாடி போட்டா திரை சுத்தமா இருட்டு!

அது போலரைஸ்டு கண்ணாடி, அதுலயும் போலரைசர் இருக்கிறதால திரையோட வெளிச்சத்தைத் தடுத்திடும். தலையைச் சாய்ச்சுப் பாருங்க, படம் திரும்ப வரும். சாதாரண கறுப்புக் கண்ணாடி மாத்திக்கிட்டா தொல்லையில்ல.