'என்னைப் பற்றி' பக்கம்: புகைப்படக் கலைஞர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சொந்த இணையதளம் வைத்திருக்கும், வைக்கப்போகும் புகைப்படக் கலைஞர்கள் அனுப்பிய கேள்விகளில் 'என்னைப் பற்றி' பக்கம் தொடர்பானவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் தளத்தில் 200 கல்யாணப் படங்கள் இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் பக்கமும் இருக்கிறது. படமே பேசும்போது என்னைப் பற்றி எதற்கு எழுத வேண்டும்? அதை யார் படிக்கப்போகிறார்கள்?
– வாசகர், கரூர்

உங்கள் வேலை பிடித்திருக்கிறதா என்பதைக் கேலரியைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கல்யாண வீட்டுக்காரர் யோசிப்பது வேறு விஷயம். மணமகள் அறையிலும் மேடையிலும் பந்தியிலும் நாள் முழுக்க நடமாடப்போகிற ஆள் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்த நாளில் மூன்று நான்கு கல்யாணங்களை ஒப்புக்கொண்டு, நாள் சம்பளத்துக்கு ஆள் பிடித்து அனுப்பும் வழக்கம் தொழிலில் இருக்கிறது. ஆல்பத்தைக் காட்டிப் பேசியவர் ஒருவர், முகூர்த்தத்துக்கு வந்து நிற்பவர் இன்னொருவர். இந்தப் பயம் பெண்ணைப் பெற்றவர்களுக்கு நிறையவே உண்டு. அதைப் போக்க எத்தனை படம் போட்டாலும் போதாது. எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மணமக்கள். பணம் கொடுப்பது பெரியவர்கள். உங்கள் தளத்தின் இணைப்பு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும்போது, பெண்ணின் அப்பாவோ தாய்மாமாவோ முதலில் தேடுவது பெயர், முகம், ஊர், போன் நம்பர். இன்ஸ்டாகிராம் அறிமுகப் பகுதியில் 150 எழுத்துகளுக்கு மேல் எழுத முடியாது. அந்தக் கணக்கு முடங்கிப்போனால் அதுவும் கையில் இருக்காது.

இன்னொன்று. தெரிந்தவர் சொல்லி வரும் வாடிக்கையாளர் உங்கள் பெயரையும் ஊரையும் கூகுளில் தட்டித்தான் பார்ப்பார். வெறும் படங்கள் மட்டுமுள்ள தளத்தில் தேடுபொறி பிடித்துக்கொள்ள வார்த்தையே இருக்காது. உங்கள் பெயர், ஊர், தொழில் மூன்றும் இயல்பாகச் சேர்ந்து வரும் இடம் இந்தப் பக்கம்தான்.

எழுத உட்கார்ந்தால் 'அழியாத நினைவுகள்', 'பொன்னான தருணங்கள்' என்றுதான் வருகிறது. எதை, எந்த வரிசையில் எழுதுவது?
– வாசகர், பாளையங்கோட்டை

அந்த வரிகளை அப்படியே அடித்துவிடுங்கள். ஊரில் இருக்கிற எல்லா ஸ்டுடியோவும் அதைத்தான் எழுதியிருக்கிறது. பெயரை மாற்றிப் போட்டால் அடுத்த ஸ்டுடியோவுக்கும் பொருந்துகிற வரி எதுவும் உங்கள் பக்கத்துக்கு வேண்டாம். சரிபார்க்கக்கூடிய தகவலாக எழுதினால் வேலை எளிது. ஒரு மாதிரி தருகிறோம்:

"பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2014 முதல் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஒரு நாளில் ஒரு கல்யாணம் மட்டுமே ஒப்புக்கொள்வேன். முகூர்த்தத்துக்கு நானே வருவேன். உடன் ஒரு வீடியோகிராபரும் ஒரு உதவியாளரும் வருவார்கள். சடங்கை நிறுத்தச் சொல்லியோ, தாலி கட்டுவதைத் திரும்பச் செய்யச் சொல்லியோ படம் எடுப்பதில்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய படங்கள் 15 நாளில் உங்கள் கைக்கு வரும். நீங்கள் தேர்ந்தெடுத்துத் தந்த 45 நாளில் ஆல்பம் தருவேன்."

இதில் 'சிறந்த', 'தரமான' என்று ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் படிப்பவருக்கு உங்களிடம் என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடுகிறது. தாலி கட்டுவதைப் பற்றிய அந்த ஒரு வரிக்காகவே உங்களைக் கூப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். ஒன்றே ஒன்று: நிறைவேற்ற முடிகிற வாக்குறுதியை மட்டும் எழுதுங்கள். 45 நாள் என்று எழுதிவிட்டு நான்கு மாதம் ஆக்கினால், அந்த வரியையே கூகுள் விமர்சனத்தில் எடுத்துப் போடுவார்கள்.

மொத்தம் 250 முதல் 400 வார்த்தை போதும். முதல் நாலு வரியில் பெயர், ஊர், என்ன வகைப் படம், யார் வருவார் என்பது வந்துவிட வேண்டும். செல்போனில் பார்ப்பவர் அதற்குக் கீழே நகர்த்துவாரா என்பதை அந்த நாலு வரிதான் தீர்மானிக்கும். பிறந்த ஊர், பள்ளிக்கூடம், முதல் கேமரா எல்லாம் வேண்டுமானால் கடைசியில் வரட்டும். கேமரா, லென்ஸ் பட்டியல் கல்யாண வீட்டுக்காரருக்குத் தேவையில்லை. விளம்பர நிறுவனங்களுக்குப் பொருட்களைப் படம் எடுப்பவர் என்றால் லைட், ஸ்டுடியோ அளவு ஆகியவற்றைச் சொல்லலாம். அவர்கள் அதைக் கேட்பார்கள்.

தனி ஆளாக வேலை செய்பவர் 'நான்' என்றே எழுதுங்கள். 'எங்கள் குழு' என்று எழுதினால் எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்வி வரும். 'இவர் ஒரு...' என்று படர்க்கையில் எழுதுவது கண்காட்சிக் கையேட்டுக்கும் பத்திரிகைக் குறிப்புக்கும் பொருந்தும். அதற்காக 80 வார்த்தையில் ஒன்று தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் படத்தையும் போட வேண்டுமா? கேமராவைக் கண்ணில் வைத்தபடி எடுத்த படம்தான் இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

போட வேண்டும், ஆனால் அந்தப் படம் வேண்டாம். அதில் முகம் பாதி மறைந்திருக்கும். மண்டப வாசலில் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும்படி இருக்க வேண்டும். ஜன்னல் ஓரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று, 50 அல்லது 85 எம்.எம். லென்ஸில் மார்பளவு, கண் தெளிவாக விழும்படி வேறொரு போட்டோகிராபரை எடுக்கச் சொல்லுங்கள். செல்பி வேண்டாம். கையை நீட்டி நெருக்கத்தில் எடுப்பதால் மூக்கு பெரிதாகவும் காது பின்னே போனது போலவும் தெரியும். படம் எடுப்பதே தொழிலாக உள்ளவர் அப்படி ஒன்றைப் போட்டால், படம் சரியில்லாததை வாடிக்கையாளர் உடனே கவனிப்பார்.

எடிட்டிங் மென்பொருளிலிருந்து படத்தை ஏற்றுமதி செய்யும்போது அகலம் 1200 பிக்சல், ஜேபெக் தரம் 75–80, கோப்பு 300 கே.பி.க்குள். வண்ணவெளி, அதாவது நிறங்களைக் குறிக்கும் முறை, இணையத்துக்குப் பொதுவான எஸ்.ஆர்.ஜி.பி.யாக இருக்கட்டும். அடோபி ஆர்.ஜி.பி.யில் விட்டு, எந்த வண்ணவெளி என்ற குறிப்பும் கோப்பில் சேராமல் போனால், பிரவுசரில் தோல் நிறம் வெளிறித் தெரியும். 24 மெகாபிக்சல் கோப்பை அப்படியே ஏற்றுவது அடிக்கடி நடக்கிறது. 10 எம்.பி. கோப்பு கிராமத்து சிக்னலில் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

தமிழிலா, ஆங்கிலத்திலா? டி.டி.பி. சென்டரில் அடித்து வாங்கிய தமிழ், தளத்தில் கொக்கி கொக்கியாக ஆங்கில எழுத்தாக வருகிறது.
– வாசகி, மதுரை

அவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்திருக்கிறார்கள். அதில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை அப்படியே தெரியும். கூகுளுக்கும் அது தமிழ் இல்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு எல்லாப் போனும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். 'ஸ்ரீ', 'க்ஷ' போன்றவையும் மேற்கோள் குறிகளும் இடம் மாறி வரலாம்.

இந்தச் சிக்கலுக்குப் பயந்து சிலர் மொத்தத்தையும் போஸ்டர் மாதிரி ஒரே படமாக்கி ஏற்றிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். போனில் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கும், போன் நம்பரைத் தொட்டுக் கூப்பிட முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒன்றும் படிக்காது.

உங்களைக் கூப்பிடுகிறவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்களோ அந்த மொழிதான் முதலில். வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருந்தும் ஆர்டர் வரும் என்றால், ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம் வையுங்கள். ஒரே பக்கத்தில் பத்திக்குப் பத்தி மாற்றி எழுதினால் இரண்டு பேருக்குமே தொல்லை. தளம் செய்து தருபவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: தமிழ்ப் பக்கத்தின் மொழிக் குறியீடு தமிழாக இருக்க வேண்டும், வரிகளின் உயரம் எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கென்று செய்த வடிவமைப்பில் வரிகள் நெருங்கி, மேல்வரியின் 'கு', 'பூ' கால்களும் கீழ்வரியின் 'கி', 'கீ' கொக்கிகளும் ஒட்டிக்கொள்ளும். இரு ஓரமும் சமமாக அடுக்கவும் வேண்டாம். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் போன் திரையில் நடுநடுவே ஓட்டை விழும்.

பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. போட்டுக்கொள்ளலாமா? மொத்தம் 30 சான்றிதழ்கள் இருக்கின்றன.
– வாசகர், சேலம்

ஏ.எஃப்.ஐ.ஏ.பி. முறையாகப் பெற்றிருந்தால் தாராளமாக. அது 1950-இல் தொடங்கிய சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப் தரும் தகுதிப் பட்டம். ஆனால் அந்த எழுத்துகள் கிளப் உறுப்பினர்களுக்குத்தான் புரியும். 'உலகப் புகைப்படக் கூட்டமைப்பு வழங்கும் தகுதிப் பட்டம், பெற்ற ஆண்டு இது' என்று ஒரு வரி விளக்கம் சேருங்கள். 30 சான்றிதழையும் ஸ்கேன் செய்து போடாதீர்கள். மூன்றை எடுத்து, போட்டியின் பெயர், ஆண்டு, பரிசு பெற்ற படம் மூன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். அந்தப் படத்தைப் பார்த்தால்தான் பரிசுக்கு மதிப்பு. கட்டணம் கட்டிய எல்லோருக்கும் வந்து சேரும் சான்றிதழை விட்டுவிடுங்கள்.

நான் எடுத்த கல்யாணப் படங்களைத் தளத்தில் போட எனக்கு உரிமை உண்டுதானே? 'அனைத்து உரிமைகளும் எனக்கே' என்று அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டால் போதுமா?
– வாசகர், விழுப்புரம்

போதாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமை யாருக்கு, தளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் போடலாமா, எந்தப் படங்களைப் போடக்கூடாது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரின் சம்மதத்தைத் தனியாக வாங்குங்கள். எடுத்தவர் என்று உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவின்படி உங்களிடமே இருக்கிறது.

உரிமை உங்களுடையது என்று எழுதி வாங்கிய படங்களுக்கு, லைட்ரூம் மென்பொருளில் மெட்டாடேட்டா (படக் கோப்புக்குள் சேரும் விவரங்கள்) பகுதியில் எடுத்தவர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, உரிமை விவரம் உள்ள பக்கத்தின் முகவரி மூன்றையும் ஒரு முன்வடிவாகச் சேமித்து, கார்டிலிருந்து இறக்கும்போதே எல்லாப் படத்திலும் ஏற்றிவிடுங்கள். அந்த முகவரியில் ஒரு சிறு உரிமைக் குறிப்பு இருந்தால் போதும். ஏற்றுமதியில் மெட்டாடேட்டாவை நீக்கும் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் இத்தனையும் வீண்.

வீட்டிலிருந்தே குழந்தைப் படங்கள் எடுக்கிறேன். முகவரியும் சொந்த நம்பரும் போடத் தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, கோவை

உங்கள் தயக்கம் நியாயமானது. பகுதியின் பெயர் போதும், கதவு எண் வேண்டாம். கூகுள் வணிகக் கணக்கில் முகவரியை மறைத்து, வேலை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டும் வசதி உண்டு. தனி சிம் போட்டு வாட்ஸ்அப் பிசினஸ் வையுங்கள். தளத்தில் அதன் இணைப்பை அமைக்கும்போது நம்பருக்கு முன்னால் 91 மட்டும் வர வேண்டும். கூட்டல் குறியோ பூஜ்யமோ சேர்ந்தால் இணைப்பு சரியாக வேலை செய்யாது. போனில் எடுத்த படங்களில் இருப்பிடத் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்றுமதியில் இருப்பிடத்தை நீக்கும் தேர்வை இயக்குங்கள், இல்லாவிட்டால் வீட்டு வாசலில் எடுத்த ஒரு படமே முகவரியைச் சொல்லிவிடும்.

இப்போதுதான் தொழிலுக்கு வருகிறேன். அனுபவமே இல்லாமல் என்ன எழுதுவது?
– வாசகர், தஞ்சாவூர்

யாரிடம் உதவியாளராக இருந்தீர்களோ அதை எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. 'இரண்டாவது கேமராவாகப் பணியாற்றிய கல்யாணங்கள்' என்று தனிப் பகுதியில் அந்தப் படங்களைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஸ்டுடியோவின் பெயரைக் குறிப்பிடுங்கள். இல்லாத ஆண்டுக் கணக்கு வேண்டாம். இன்ஸ்டாகிராமில் உங்கள் முதல் பதிவின் தேதியே காட்டிக்கொடுக்கும். முழுக் கல்யாணம் கிடைக்கும்வரை காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயதார்த்தம் எடுக்கத் தயார் என்று கட்டணத்தோடு எழுதுங்கள். நாலு நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்தைத் திருத்துங்கள். அதன்பின் சித்திரையில் ஒருமுறை, ஆவணிக்கு முன்னால் ஒருமுறை நம்பர், ஊர்கள், ஆல்பம் தரும் நாள் இவை இன்னும் சரிதானா என்று பார்த்தால் போதும்.