வாடகைக்கு வந்த வேற்றுக்கிரகவாசி

கேள்வி: உங்கள் மனதை விட்டு அகலாத பழைய அறிவியல் புனைகதைப் படம் எது? அதைச் சுற்றி ஏதாவது நினைவு உண்டா?

யோசிக்கவே வேண்டியதில்லை, 1951-ல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்'தான். கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரம்தான் ஓடும், இயக்கியவர் ராபர்ட் வைஸ். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தாரே, அவரேதான். அதற்கு 14 வருடம் முன்பு எடுத்தது இது. எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை, ஆனால் முதல் முறை பார்த்தது மட்டும் நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. 1988, திருச்சி, எனக்கு 10 வயது.

எனக்கு 6 வயதாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அம்மா மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டார். அந்த வருடம் குடிவந்தவர் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர், மாற்றலில் வந்தவர், குடும்பம் கும்பகோணத்தில், சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் திங்கள் காலைதான் திரும்புவார். அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஒரு தடவை சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய தம்பி ஒரு டெக்கும் (வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் கருவி) நாலைந்து கேசட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை எங்கள் தெருவில் டெக் என்றால் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடிய மூன்று படம் போடுவதுதான். மாமா என்னைக் கூப்பிட்டு, "வாடா, உனக்கு ஒரு பறக்கும் தட்டுப் படம் காட்டறேன்" என்றார். எனக்கு இங்கிலீஷ் புரியாது. அதனால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றரை மணி நேரப் படம் முடிய அன்றைக்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

கதை தெரியாதவர்களுக்காக: வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. பீரங்கி, ராணுவம், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் எல்லாம் சூழ்ந்து நிற்க, உள்ளேயிருந்து கிளாட்டு என்பவர் வெளியே வருகிறார். சமாதானமாக வந்திருக்கிறோம் என்கிறார். உடைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சின்னக் கருவியை எடுத்து நீட்டுகிறார், அது சட்டென்று விரிகிறது, பயந்துபோன ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். கருவி நொறுங்கிக் கீழே கிடக்கிறது. கிளாட்டு அதைப் பார்த்துவிட்டு, இது உங்கள் ஜனாதிபதிக்குக் கொண்டுவந்த பரிசு, இதை வைத்து மற்ற கிரகங்களில் இருக்கும் உயிர்களைப் பற்றி அவர் படித்திருக்கலாம் என்கிறார். மாமா அந்த இடத்தில் படத்தை நிறுத்தி இதைச் சொன்னதும் எனக்குத் தொண்டையை அடைத்தது. வந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் சுட்டுவிட்டார்களே!

அப்புறம் கிளாட்டுவோடு வந்த கார்ட் என்ற ரோபோ வெளியே வருகிறது. ஏழு அடிக்கு மேல் உயரம், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடி, அது மெதுவாக மேலே ஏறினால் உள்ளே ஒரு ஒளி துடிக்கும். துப்பாக்கியும் டாங்கியும் உருகி மறைந்துபோகும், பிடித்திருந்த சிப்பாய்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்த மூடி ஏறும் வேகம் இருக்கிறதே, அதைத்தான் நான் பல ராத்திரி கனவில் பார்த்தேன்.

இதெல்லாம் பிரமாதம்தான். ஆனால் இந்தப் படம் என் படமாக ஆனது இதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்திருக்கும் இடத்திலிருந்து கிளாட்டு தப்பிக்கிறார். எடுத்துப் போட்டுக்கொண்ட கோட்டில் சலவைக்காரர் மாட்டிய சீட்டில் கார்பென்டர் என்று பெயர் இருக்கிறது, சரி, இனி நான் கார்பென்டர் என்று முடிவு செய்துகொள்கிறார். நேராக எங்கே போகிறார் தெரியுமா? அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டுக்கு. கூடத்தில் எல்லோரும் விளக்கைக் குறைத்துவிட்டு டிவியில் இவரைப் பற்றிய செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு உயரமான நிழல். எல்லோரும் ஒரு நொடி உறைந்துபோகிறார்கள். நிழல் வெளிச்சத்துக்கு வந்தால் ஒல்லியான, மரியாதையான ஒரு ஆள், கையில் பெட்டி, ரூம் கிடைக்குமா என்று கேட்கிறார்.

10 வயதில் இது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியவில்லை. வேறு கிரகத்திலிருந்து வந்தவர் மாடி போர்ஷனுக்கு வருகிற மாதிரி குடிவருகிறார்! கிளாட்டுவாக நடித்த மைக்கேல் ரென்னி இங்கிலாந்துக்காரர், அப்போது அமெரிக்க ரசிகர்களுக்கு அவ்வளவாகப் பழகாத முகம், அதுவே பெரிய பலம். பெரிய நட்சத்திரம் யாராவது அந்த வாசலில் வந்து நின்றிருந்தால் நாம் அவரைத்தான் பார்த்திருப்போம். மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில், வந்தவன் வேறு கிரகத்துக்காரன் இல்லை, இதே பூமியிலிருந்துதான் வந்திருக்கிறான், எங்கிருந்து என்று உங்களுக்கே தெரியும் என்று ஒரு அம்மாள் சொல்கிறார். ரஷ்யாவைச் சொல்கிறார். சோவியத் நாடு அணுகுண்டு வெடித்து இரண்டு வருடம், கொரியாவில் சண்டை, அந்தப் பயம் முழுக்க இந்த ஒரு மேசையில் இருக்கிறது. கிளாட்டுவும் அங்கேயே உட்கார்ந்து அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த வீட்டில் ஹெலன் என்ற பெண்ணும் அவள் மகன் பாபியும் குடியிருக்கிறார்கள். ஹெலனாக பட்ரீஷியா நீல். ஒரு நாள் ஹெலனுக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது, பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளாட்டு சொல்கிறார். இரண்டு பேரும் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நட்ட பெரிய புல்வெளி ஒன்று வரும். "இது என்ன இடம் மாமா?" என்றேன். "சண்டையில செத்தவங்களைப் புதைச்ச இடம்டா" என்றவர், கொஞ்ச நேரம் நிறுத்தாமல் படத்தை ஓடவிட்டார். அங்கேதான் வைரம் சீன். கிளாட்டு பையிலிருந்து வைரங்களை எடுத்துக் காட்டுவார், சில ஊர்களில் இதுதான் பணம், தேயாது, தூக்கிப் போகவும் சுலபம் என்பார், பாபியிடம் இருக்கும் 2 டாலருக்கு இரண்டு வைரம் கொடுப்பார். பாபி வாங்கிக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், நான் யாரிடமாவது திருடினால் அம்மாவுக்குப் பிடிக்காது என்பான். மாமா இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான்.

அப்புறம் லிங்கன் நினைவிடம். சுவரில் பொறித்திருக்கும் லிங்கனின் பேச்சைக் கிளாட்டு நின்று படிக்கிறார். இப்படி ஒருவரோடுதான் நான் பேச வேண்டும், இன்றைக்கு இந்த ஊரில் பெரிய மனிதர் யார் என்று ஒரு பையனிடம் கேட்கிறார், அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். அப்படித்தான் ஒரு பேராசிரியர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார்கள். ஆள் வீட்டில் இல்லை. கரும்பலகை நிறைய முடியாத கணக்கு. கிளாட்டு அதில் சில இடங்களைத் திருத்திவிட்டு வருவார். அழிக்கப் போகும் பெண்ணிடம், அழிக்காதீர்கள், பேராசிரியருக்கு அது ரொம்பத் தேவை என்பார்.

படம் எடுத்த விதமும் எனக்குப் பிடிக்கும். தட்டின் சுவரில் ஒரு கோடு கூட இருக்காது, திடீரென்று கதவு பிறக்கும். கதவு விளிம்பின் இடைவெளியைப் பட்டி பூசி அடைத்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டார்களாம். கதவு திறக்கும்போது அந்தப் பட்டி கிழிந்து வழி விடும், பார்க்கிற நமக்கு இரும்பே பிளக்கிற மாதிரி இருக்கும். கார்டுக்குள் இருந்தவர் லாக் மார்ட்டின், ஹாலிவுட்டில் ஒரு பெரிய தியேட்டரின் வாசல் காவலர். அவருக்கு இரண்டு உடை தைத்திருந்தார்கள், ஒன்றுக்கு முன்னால் முடிச்சு, இன்னொன்றுக்கு முதுகில். கேமரா முன்னாலிருந்து பார்த்தால் முதுகில் முடிச்சுப் போட்டது, பின்னாலிருந்து பார்த்தால் மற்றது. உயரம் இருந்ததே தவிர அவருக்கு உடம்பில் வலு இல்லை, ஹெலனைத் தூக்கிப் போகும் காட்சியில் கம்பி கட்டித்தான் சமாளித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், பட்டியும் முடிச்சும் கம்பியும் வைத்து, 37 வருடம் கழித்து திருச்சியில் ஒரு பையனைத் தூங்கவிடாமல் செய்தார்கள்.

இசை பெர்னார்ட் ஹெர்மன், பின்னாளில் 'சைக்கோ'வுக்கு இசையமைத்தவர். இதில் தெரமின் என்ற கருவி இரண்டைப் பயன்படுத்தினார். அதைத் தொட்டே வாசிக்க மாட்டார்கள். இரண்டு ஆன்டெனா இருக்கும், ஒன்றுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுரம் ஏறும், விலக்கினால் இறங்கும், இன்னொரு கை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். காற்றில் கையை அசைத்து எழுப்பும் ஓசை என்பதால் அழுகையும் பாட்டும் கலந்த மாதிரி இழுத்துக்கொண்டே போகும். பார்க்கப் போகிறீர்கள் என்றால் விளக்கை அணைத்துவிட்டு, பெயர் போடும்போதே உட்கார்ந்துவிடுங்கள், அந்த இசையைத் தவறவிடக் கூடாது. 2008-ல் இதே பெயரில் வந்த படம் வேண்டாம், 1951 படத்தைப் பாருங்கள்.

அடுத்து, பூமி அசையாமல் நின்ற நாள் என்று படத்தின் தலைப்பே சொல்லும் அந்த அரை மணி நேரம். தன் சக்தியைக் காட்ட, யாருக்கும் அடிபடாமல், உலகம் முழுக்க மின்சாரத்தை மதியம் நிறுத்திவிடுகிறார் கிளாட்டு. கரன்ட் போவதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் எனக்குத் தோன்றியது, எங்களுக்கு அது தினசரி. மாமா பொறுமையாகச் சொன்னார்: வீட்டு விளக்கு மட்டும் இல்லடா, காரு, ரயிலு, பால் கறக்கற மெஷின், எல்லாம் நிக்குது பாரு, ஆஸ்பத்திரியும் ஆகாயத்துல பறக்கற விமானமும் மட்டும்தான் ஓடுது. ஆஸ்பத்திரியையும் விமானத்தையும் விட்டுவைத்தாரே, அந்த மனுஷத்தனம் எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

கடைசியில் கிளாட்டுவைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். கார்ட் கோபத்தில் பூமியை அழித்துவிடாமல் இருக்க ஹெலன் ஓடிப்போய் மூன்று சொல் சொல்ல வேண்டும்: கிளாட்டு பராடா நிக்டோ. அதற்கு என்ன அர்த்தம் என்று படத்தில் சொல்லவே மாட்டார்கள். எங்கள் தெருவில் 'ஸ்டேச்சு' விளையாடும்போது, உறைந்து நிற்பவனை விடுவிக்க நாங்கள் அந்த மூன்று சொல்லைத்தான் வைத்துக்கொண்டோம். படம் பார்க்காத பையன்களும் சொன்னார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குப் படத்தோடு உடன்பாடு இல்லை. கிளாட்டுவின் கடைசிப் பேச்சு. உங்கள் சண்டையை விண்வெளிக்குக் கொண்டுவந்தால் பூமியைச் சாம்பலாக்குவோம், எங்கள் ஊரில் ரோபோக்களிடம்தான் போலீஸ் அதிகாரம் என்கிறார். பயத்தில் வரும் சமாதானம் சமாதானமா என்று எனக்கு இன்றும் கேள்விதான். அந்தப் பேச்சை விட, பாபியோடு சுற்றிய அந்தப் பகல் எனக்கு நம்பிக்கை தருகிறது.

மாமா 1990-ல் மாற்றலாகிப் போய்விட்டார், நான் அப்புறம் ரொம்ப நாள் படத்தைப் பார்க்கவில்லை. 2003-ல் ஒரு டிவிடி கிடைத்தது, சப்டைட்டிலோடு. அந்த வெள்ளைக் கல் காட்சி வந்தது. பாபி ஒரு கல்லைக் காட்டி, அதுதான் தன் அப்பா, இத்தாலியில் ஆன்சியோ சண்டையில் இறந்துவிட்டார் என்கிறான். நான் ரிமோட்டைத் தேடி நிறுத்தினேன். திரும்ப ஓட்டிப் பார்த்தேன். 15 வருடமாக எனக்கு இது தெரியாது. பாபிக்கு அப்பா இல்லை என்பதையே மாமா எனக்குச் சொல்லாமல் படத்தை முடித்திருக்கிறார்.

அன்று ராத்திரியே கும்பகோணத்துக்கு போன் போட்டேன். "ஏன் மாமா அதை மட்டும் சொல்லாம விட்டீங்க?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "அடுத்தாப்ல வைரம் சீன் வருதேடா. நீ சிரிக்கணும்னு நெனச்சேன்."